கோகிலாவின் ஆஃப்ரிகான்ஸ் சோதினை

போன மாதம் என்ர பழைய கொலிஜில இருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தா. இப்ப அங்க சோதினைப் பகுதிக்குப் பொறுப்பா இருக்கிறவ. எங்கட ஆள்தான், தாய் தகப்பன் மானிப்பாய், பிறந்து வளர்ந்தது இல்ஃபோர்ட்டில. "அங்கிள், இனி விடைத்தாள் எல்லாத்தையும் ஸ்கான் பண்ணித்தான் அனுப்பப் போறம். திருத்திறவை தங்கட வீட்டில இருந்து ஸ்க்ரீனில பாத்துத் திருத்துவினம். நீங்கள் பழைய ஆள், உங்கட காலத்துக் கதையளை எழுதித் தாங்கோவன், புதுசா வாற ஸ்டாஃபுக்குச் சொல்லலாம்" எண்டு கேட்டா. தமிழில எழுதலாமோ எண்டு கேட்டன். சிரிச்சுப்போட்டு, "எழுதுங்கோ, அம்மா வாசிச்சுச் சொல்லுவா" எண்டா. சரி, அம்மாவே வாசிக்கட்டும். ட்ரெய்னிங்குக்கு உதவுமோ எண்டது வேற கதை.

என்ர பேர் சிவபாதசுந்தரம். இந்த நாட்டில அது ஒருத்தற்ற வாயிலயும் நுழையாததால மிஸ்டர் சிவா ஆயிட்டன். எண்பத்துமூண்டுக் கலவரத்தில எல்லாம் எரிஞ்சு, மனிசி பிள்ளையளோட வந்து சேர்ந்தனான். கொஞ்சக் காலம் பெற்றோல் ஷெட்டில நிண்டன். பிறகு குரோய்டன் பக்கம் பெரியாக்கள் படிக்கிற ஒரு கொலிஜில மேசை கதிரை தூக்கிற வேலை கிடைச்சது. சோதினைக் காலத்தில ஹோல் முழுக்க மேசை போட வேணும். மேசைக்கு மேசை இடைவெளியை நான் கயிறு பிடிச்சு அளந்து போடுறதைக் கண்டு, என்னைச் சோதினைப் பகுதிக்கு இழுத்தவ மிஸ் பார்க்கர். மேற்பார்வை பாத்து, பிறகு கிளார்க்காகி, அங்கயே பென்சன் எடுக்குமட்டும் இருந்தன். படிச்ச படிப்பெண்டா அவ்வளவுதான். மற்றதெல்லாம் மிஸ் பார்க்கர்.

அந்த மனுசியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லேலாது. மெலிஞ்ச, நெடுத்த வெள்ளைக்காரி. கலியாணம் கட்டேல்லை. சோதினை நாளில ரப்பர் அடிச் சப்பாத்துத்தான் போடுவா, சென்ட் பூசமாட்டா. காலமை வந்தவுடன டெலிபோனில நேரம் சொல்லுற நம்பரை அடிச்சு, ஹோல் மணிக்கூட்டைச் சரி பண்ணுவா. கேள்வித்தாள் பாக்கெட்டை வெட்ட முதல், மேல இருக்கிற பாடத்தையும் திகதியையும் நேரத்தையும் சத்தமா வாசிப்பா. நான் அதைத் திருப்பி வாசிக்க வேணும். ரெண்டும் ஒத்துவந்தாத்தான் கத்தரிக்கோலைக் கையில எடுப்பா.

நான் சேர்ந்த புதுசில, நடுங்கிக்கொண்டு உள்ள போன ஒரு பிள்ளையைப் பாத்து "குட் லக்" எண்டு சொல்லிப்போட்டன். பின்னேரம் என்னைக் கூப்பிட்டா. "மிஸ்டர் சிவா, ஒருத்தருக்குச் சொன்னா எல்லாருக்கும் சொல்ல வேணும். எல்லாருக்கும் சொல்ல உங்களுக்கு நேரமில்லை. அதால ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ." கோபமில்லை, குரல் உயரேல்லை. அவ ஒருநாளும் குரலை உயர்த்திறேல்லை. ஏச்சு வாங்கினதே வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கேக்கைதான் உறைக்கும்.

விடைத்தாளில எழுதினவற்ற நம்பர்தான் முக்கியம், திருத்திறவருக்கு அது ஆர் எண்டு தெரியத் தேவையில்லை, தெரிஞ்சாலும் கணக்கெடுக்கக் கூடாது. இதுதான் அவவின்ர வேதம். எனக்கும் அது வேதமாப் போச்சு. ஏனெண்டு கேளுங்கோ. எங்கட நாட்டில தமிழில எழுதின பிள்ளைக்கு ஒரு வெட்டுப்புள்ளி, சிங்களத்தில எழுதின பிள்ளைக்கு வேறொரு வெட்டுப்புள்ளி எண்டு வைச்சு, எத்தினை கெட்டிக்காரப் பிள்ளையளைச் சாகடிச்சவங்கள்! அதைப் பாத்து வயிறெரிஞ்சு வந்தவனுக்கு, ஆளைப் பாக்காமல் எழுத்தை மட்டும் பாக்கிற ஒரு இடம் கோயில் மாதிரி இருந்தது.

அந்த வேதத்துக்காக நான் ஆக்களின்ர வாயிலயும் விழுந்தனான். ஒருக்கா ஆங்கிலச் சோதினைக்கு எங்கட ஒரு ஆள், தன்ர தமையன்ர அடையாள அட்டையோட வந்து குந்தியிருந்தார். ரெண்டு பேரையும் எனக்குக் கோயிலில தெரியும். கிட்டப் போய்க் குனிஞ்சு, "தம்பி, எழும்பிப் போயிடும், நான் ஒண்டும் காணேல்லை" எண்டு ஒரு சந்தர்ப்பம் குடுத்தன். "அண்ணை, தமிழனுக்குத் தமிழன் இதைக்கூடச் செய்யாட்டி எப்பிடி?" எண்டார். போய் மிஸ் பார்க்கரிட்டச் சொன்னன். அதுக்குப் பிறகு தோர்ண்டன் ஹீத்தில அவையின்ர கடைக்கு நான் போனா முருங்கைக்காய் எப்பவும் முடிஞ்சுபோயிருக்கும். போகட்டும். காட்டிக்குடுத்தவன் எண்ட பேர் எனக்குப் புதுசில்லை.

அந்தப் பேர் முதலில வந்ததையும் சொல்லிப்போடுறன். ஊரில நானும் அண்ணையும் அரசாங்கக் கந்தோரில கிளார்க். சிங்களச் சோதினை பாஸ் பண்ணாட்டி சம்பள உயர்வில்லை, பிறகு வேலையுமில்லை எண்டு சட்டம் வந்தது. அண்ணை "செத்தாலும் எழுதமாட்டன்" எண்டு வேலையை எறிஞ்சுபோட்டு வீட்டில வந்து குந்தினார். நான் எழுதினன். எப்பிடி எழுதினன்? கட்டுரையளைப் பாடமாக்கித்தான். பழைய பேப்பரெல்லாம் பாத்து, எது வரும் எண்டு ஸ்பொட் பண்ணி, புத்தகத்தில இருக்கிற கட்டுரையை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்து கொண்டுபோய்க் கொட்டினன். சித்திரைப் புதுவருசத்தை எங்கட வீட்டில எப்பிடிக் கொண்டாடுறம், பாற்சோறு எவ்வளவு ருசி எண்டெல்லாம் உருகி உருகி எழுதினன். சிங்களவர் செய்யிற அந்தப் பாற்சோற்றை நான் கண்ணால கண்டதில்லை. பாஸ். அண்ணை சாகுமட்டும் என்னோட முகங்குடுத்துக் கதைக்கேல்லை. ஆனா எனக்கு இண்டைக்கும் வெக்கமில்லை. பிள்ளையளுக்குச் சோறு போட வேணும், சோதினை எண்டது ஒரு வேலி, தாண்டிப்போட்டுப் போய்க்கொண்டிருக்க வேணும். இதுதான் என்ர கொள்கை. கோகிலாவுக்கும் அதைத்தான் சொன்னன்.

கோகிலா எங்கட கந்தோர் யன்னலுக்கு வந்தது தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில. முகத்தைப் பாத்தா வல்வெட்டித்துறைப் பக்கத்து ஆள் மாதிரி. நான் தமிழில கதைக்க, கையை விரிச்சாள். ஆள் தென்னாபிரிக்கா, டேர்பன். கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழாக்களின்ர நாலாம் தலைமுறை. முறை சொல்லுற சொல்லும் சாப்பாட்டின்ர பேரும்தான் தமிழில மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் இங்கிலீஷ். அவள் சொன்னதை நான் இதில என்ர தமிழில எழுதுறன். முதல் நாளே என்னை "அண்ணா" எண்டாள், அதால நானும் அவள் எண்டே எழுதுறன். வயது முப்பதுக்குக் கொஞ்சம் மேல. நோர்பரியில ஒரு அறை, வயசாளியள் இல்லத்தில ஷிப்ட் வேலை.

"ஆஃப்ரிகான்ஸ் சோதினைக்குப் பேர் குடுக்க வேணும், அண்ணா. வாசிப்பும் எழுத்தும். ஒரு கொலிஜும் எடுக்கமாட்டம் எண்டுதுகள்" எண்டாள்.

ஆஃப்ரிகான்ஸ் எண்டது அங்கத்தை வெள்ளை ஆட்சியாளர்களின்ர பாஷை. எங்களை ஆண்ட ஒல்லாந்தர் அங்கயும் போய், அவங்கட பாஷை அந்த மண்ணில திரிஞ்சு வந்தது. பள்ளிக்கூடத்தில எல்லாப் பிள்ளையளும் கட்டாயம் படிக்க வேணும். பாஸ் பண்ணாட்டிப் பள்ளிப் படிப்பு முடிஞ்சதாக் கணக்கில்லை. இவள் படிச்ச காலத்தில கறுத்தப் பிள்ளையளும் எங்கட பிள்ளையளும் அந்தப் பாடத்தைப் பகிஷ்கரிச்சுத் தெருவுக்கு இறங்கினவை. இவளும் சோதினைத்தாளை வெறுந்தாளாக் குடுத்துப்போட்டு வெளிக்கிட்டவள். பேந்து நாட்டை விட்டே ஓட வேண்டி வந்திட்டுது. லண்டனில வேலை செய்துகொண்டே சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற ரீச்சர் சேர்ட்டிபிக்கேட்டும் எடுத்திட்டாள்.

இப்ப அங்க காலம் மாறத் தொடங்கி, ஓடினாக்கள் திரும்பிப் போகலாம் எண்டு வந்திருந்தது. டேர்பனில தாய் தனிய. சீனி வருத்தம், கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. பக்கத்துவீட்டுக்காரர் சமைச்சுக் குடுக்கினமாம். ஒரு பள்ளிக்கூடத்தில இவளுக்கு இடம் தாறம் எண்டினம், ஆனா ஆஃப்ரிகான்ஸ் பாஸ் இல்லாமல் சட்டப்படி எடுக்கேலாதாம். லண்டன் சோதினை எண்டாலும் பரவாயில்லையாம். "வேலை இல்லாமல் போனா ரெண்டு பேரும் பட்டினி. இங்க இருந்தா அம்மா என்ர முகத்தைப் பாக்காமலே குருடாகிப் போவா" எண்டாள்.

நான் சோதினைப் பாடங்களின்ர விபரப் புத்தகத்தைத் திறந்து பாத்தன். அந்தப் பாடத்தை, சோதினை நடத்திற போர்ட் நிப்பாட்டப் போகுது எண்டு போட்டிருந்தது. வாற கோடையோட சரி. அதுதான் கடைசி. மிஸ் பார்க்கரிட்டக் கேட்டன். "ஒரே ஒரு பரீட்சார்த்திக்கு ஒரு அறை, ஒரு மேற்பார்வையாளர். இருக்கிறதுதானே, மிஸ்டர் சிவா" எண்டு கையெழுத்துப் போட்டா.

வகுப்பில்லை, வாத்தியில்லை. ஷிப்ட் முடிச்சு நேர எங்கட கன்ரீனுக்கு வந்து, மூலை மேசையில இருந்து படிப்பாள். புத்தகத்துக்குச் சுவரில ஒட்டுற பூக் கடதாசியில உறை போட்டிருந்தாள். ஏன் எண்டு கேட்டன். "அங்க இருந்து ஓடி வந்த எங்கட ஆக்கள் கண்டா மூஞ்சையில துப்புவினம், அண்ணா. இந்தப் பாஷைக்கு எதிராச் செத்தவையின்ர பெயரைச் சொல்லிச் சொல்லி இந்த ஊரில கூட்டம் வைச்சவள் நான்." அண்ணையின்ர முகம் எனக்கு ஞாபகம் வந்தது. அண்டைக்குத்தான் என்ர சிங்களச் சோதினைக் கதையை அவளுக்குச் சொன்னன். பாற்சோற்றுக் கதைக்கு விழுந்து விழுந்து சிரிச்சாள்.

வாசிக்கிறதில அவளுக்கு ஒரு குறையுமில்லை, கடகடவெண்டு வாசிப்பாள். எழுத்துத்தான் வராது. பேனையை எடுத்தா ரெண்டு வரியோட கை நிண்டிடும். "தலைக்குள்ள வசனம் இருக்கு, கை போகுதில்லை" எண்டாள். அதுக்கென்ன, எங்கட மருந்து இருக்குதுதானே எண்டு நினைச்சன். பழைய கேள்வித்தாள்கள் ஆரும் காசு குடுத்து வாங்கலாம், அது களவில்லை. வாங்கி வைச்சு, கட்டுரைத் தலைப்புகளை இங்கிலீஷில சொல்லச் சொல்லி, எது எந்த வருசம் வந்தது எண்டு பாத்தன். குடும்பத்தில ஒராளைப் பற்றி ஒரு கட்டுரை அடிக்கடி வருகுது. தாய் வந்திட்டா, தாத்தா வந்திட்டார். "அடுத்தது சகோதரன்தான். எழுதி வைச்சுக்கொள்" எண்டன்.

"அதை விட்டிட்டு வேறதைப் படிப்பம், அண்ணா" எண்டாள்.

"விசர்க் கதை கதையாதை. இது கட்டாயம் வரும். உன்ர புத்தகத்தில அந்தத் தலைப்பில கட்டுரை இருக்கோ?"

இருந்தது. என்ர சகோதரன் உயரமானவன், வங்கியில வேலை செய்யிறான், சனிக்கிழமையில வீட்டுக்கு வருவான், நாங்கள் சேர்ந்து நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போவம், அம்மா கேக் செய்வா. இப்பிடி ஒண்டரைப் பக்கம். பாடமாக்கு எண்டன். கொஞ்ச நேரம் புத்தகத்தையே பாத்துக்கொண்டிருந்தாள். பிறகு சரி எண்டாள். தாயை நினைச்சிருப்பாள்.

அண்டையில இருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில அவள் ஒப்பிக்க, நான் புத்தகத்தில விரலை வைச்சு எழுத்தைப் பின்தொடருவன். எனக்குப் பொருள் தெரியாட்டிலும் ஆங்கில எழுத்துத்தானே, சொல்லு விட்டா விரல் காட்டிக்குடுத்திடும். பாடமாக்கின பிறகு எழுதிப் பார் எண்டன். எழுதினாள். கை நிக்கேல்லை! எனக்குப் புளுகம் தாங்கேல்லை. "பாத்தியே, என்ர மருந்து எப்பிடி?" எண்டன். தலையாட்டினாள். அவளின்ர முகத்தில ஒரு சந்தோசத்தையும் காணேல்லை, ஷிப்ட் களைப்பாக்கும் எண்டு விட்டிட்டன்.

மிஸ் பார்க்கர் இதைக் கவனிச்சிருக்கிறா. ஒருநாள் கூப்பிட்டு, "நீங்கள் அவவுக்குப் படிப்பிச்சா நீங்கள் மேற்பார்வை பாக்கேலாது" எண்டா. "எனக்கு அந்தப் பாஷையில ஒரு சொல்லும் தெரியாது, மிஸ் பார்க்கர். நான் விரல் மட்டும்தான் வைச்சனான்" எண்டன். யோசிச்சா. "விரலைப் பற்றி விதியில ஒண்டுமில்லை" எண்டுபோட்டுப் போயிட்டா. அந்த மனுசி பகிடி விட்டு நான் கண்டது அந்த ஒருக்காத்தான்.

சோதினை நாள் வந்தது. சின்ன அறை, ஒரு மேசை, ஒரு கதிரை. ஒராள் எண்டாலும் சடங்கு சடங்குதான். மிஸ் பார்க்கர் பாக்கெட்டை வாசிச்சா, நான் திருப்பி வாசிச்சன், வெட்டினா, கேள்வித்தாளைக் கவிழ்த்து மேசையில வைச்சா. அடையாள அட்டையைப் பாத்தா, நேரத்தைச் சொன்னா, போயிட்டா. நானும் கோகிலாவும்தான்.

வாசிப்புப் பகுதியை அவள் ஒரு மூச்சில முடிச்சாள். பிறகு எழுத்து. பக்கத்தைத் திருப்பினாள். நான் நடந்துபோற சாட்டில எட்டிப் பாத்தன். மூண்டு தலைப்பு. ரெண்டாவதில, நான் விரல் வைச்சு வைச்சுத் தேய்ஞ்சுபோன அந்த ரெண்டு சொல்லு. என்ர சகோதரன்! எனக்கு உள்ளுக்கு அம்மன் கோயில் மேளம் அடிச்சுது. முகத்தில ஒண்டும் காட்டக் கூடாது, காட்டேல்லை.

அவள் எழுதேல்லை. பேனையை வைச்சுப்போட்டு சுவரைப் பாத்துக்கொண்டிருந்தாள். மணிக்கூட்டு முள்ளு போகுது, இவள் அசையிறாளில்லை. ஐயோ, மறந்துபோனாளோ? முதற்சொல்லை மறந்தா எல்லாம் போச்சு, அது எனக்குத் தெரியும். வாய்க்குள்ள அந்த முதல் வரி நிண்டு துடிக்குது. சொல்லக் கூடாது. தண்ணி வேணுமோ எண்டு கேக்கிறதுக்குக்கூட அவள்தான் கை தூக்க வேணும். பாதி நேரத்துக்கு மேல போன பிறகு பேனையை எடுத்தாள். எடுத்தவள் நிப்பாட்டேல்லை. ஒண்டரைப் பக்கத்தில நிக்க வேண்டிய கட்டுரை மூண்டாம் பக்கத்துக்குப் போச்சுது. கை தூக்கி மேலதிகத் தாள் கேட்டாள். குடுத்தன். நான் பாடமாக்கிவிட்ட கட்டுரையில்லை எண்டு மட்டும் விளங்கிச்சுது.

நேரம் முடிஞ்சுது. விடைத்தாளை எடுத்து, நம்பரைச் சரிபாத்து, மிஸ் பார்க்கருக்கு முன்னால உறையில போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டம். அதுக்குப் பிறகுதான் கன்ரீனுக்கு ஓடினன்.

"என்னடி பிள்ளை செய்தனீ? தலைப்பு வந்ததுதானே! பாடமாக்கினதை ஏன் எழுதேல்லை?"

"என்ர அண்ணனைப் பற்றி எழுதினன்" எண்டாள். "உண்மையான அண்ணனைப் பற்றி."

அப்பதான் சொன்னாள். பள்ளிக்கூடப் பகிஷ்கரிப்பு நேரம் அவளுக்குப் பதினைஞ்சு, தமையனுக்கு இருபது. பகிஷ்கரிப்புக்குப் பெடியளைச் சேர்த்தான் எண்டு அவனைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போனது. ரெண்டு கிழமைக்குப் பிறகு ஒரு வெள்ளைப் பொலிஸ்காரன் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறான். இங்கிலீஷ் தெரிஞ்சாலும் கதைக்கமாட்டான், ஆஃப்ரிகான்ஸ்தான். வீட்டில அந்தப் பாஷை விளங்கிறது பள்ளிக்கூடம் போற இவள் ஒருத்திக்குத்தான். அவன் சொன்னதை ஒவ்வொரு வசனமா இவள்தான் தாய்க்கும் தகப்பனுக்கும் சொல்லியிருக்கிறாள். படியில வழுக்கி விழுந்தான். தலையில அடி. காலமை செத்திட்டான். பெட்டியைத் திறந்து உடம்பைப் பாக்கக் கூடாது.

"நான்தான் சொன்னன், அண்ணா. என்ர வாயாலதான் அம்மாவுக்குத் தெரியும். பெட்டியைத் திறந்து பாத்தம். படியில விழுந்த உடம்பில்லை."

நான் கதிரையில இருந்திட்டன். உயரமான சகோதரன், சனிக்கிழமை வருவான், நாயைக் கூட்டிக்கொண்டு போவம், அம்மா கேக் செய்வா. நாள் தவறாமல் அவளைக்கொண்டு இதை ஒப்பிக்க வைச்சவன் நான். "ஏன் பிள்ளை எனக்கு முதலே சொல்லேல்லை?" எண்டு கேட்டன். "சொன்னா நீங்கள் விட்டிடுவீங்கள். எனக்கு பாஸ் வேணும்" எண்டாள்.

எனக்குக் கண்ணும் கலங்கிச்சுது, கோபமும் வந்திட்டுது. மறைக்கிறதுக்கென்ன, ஏசிப்போட்டன். "பாஸ் வேணுமெண்டா ஏனடி இதைச் செய்தனீ? அங்க தாய்க்குக் கண் போய்க்கொண்டிருக்குது. இது கடைசிச் சோதினை. ஒரு பாஸ் எடுக்கிற இடத்திலயோ நியாயம் கேக்கிறது?"

"அதைத் திருத்திறவர் ஆர், அண்ணா?" எண்டு கேட்டாள். "அந்தப் பாஷை தெரிஞ்சவர்தானே. அவங்கட ஆள் ஒராளாத்தான் இருக்கும். இத்தினை வருசத்தில அவங்கட ஆள் ஒருத்தர் நான் சொல்லுறதைக் கட்டாயம் கடைசிமட்டும் கேக்க வேணும் எண்டு ஒரு இடம் வந்தது இது ஒண்டுதான். என்ர கை தானாப் போச்சுது. பொலிஸ்காரன் சொன்னதை எழுதினன். பெட்டிக்குள்ள நாங்கள் கண்டதை எழுதினன். அண்ணன்ர பேரை எழுதினன். ஒண்டும் விடேல்லை."

நான் எழும்பிப் போய் ரெண்டு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால இருந்தன்.

விடைத்தாளில ஏதாவது வில்லங்கமாக் கண்டா, திருத்திறவர் போர்ட்டுக்கு அறிவிக்கலாம், போர்ட் எங்களுக்கு எழுதும். மிரட்டல், ஊத்தைக் கதை, பிள்ளைக்கு வீட்டில அடி எண்டு ஏதும் எழுதியிருந்தா அப்பிடிக் கடிதம் வந்திருக்குது. கோகிலாவிட்ட இதைச் சொன்னன். அவளின்ர முகம் அப்பிடியே மாறிச்சுது. "அப்ப ஆராவது எழுதுவினம்" எண்டாள். அந்தக் கோடை முழுக்க கிழமைக்கு ரெண்டு தரம் யன்னலுக்கு வருவாள். "பெயில் எண்டு வரும், அது தெரியும். ஆனா ஒரு சொல்லு வரும், அண்ணா. கோபமா எண்டாலும் வரும்." நானும் ஒவ்வொரு நாளும் தபாலைக் கிண்டினன். இவள் ஒண்டை நினைச்சு இருக்க, நான் வேற ஒண்டை நினைச்சுப் பயந்தன், பெயில் எண்டு வந்தா அந்தத் தாயின்ர கதி என்ன எண்டு. கடிதம் வரேல்லை.

கடைசியில என்ன ஆச்சு எண்டு கேக்கிற ஆக்களுக்கு இப்பவே சொல்லிப்போடுறன். கோகிலா டேர்பனுக்குப் போனாள். அந்தப் பள்ளிக்கூடத்தில வேலை கிடைச்சது. தாயின்ர கண் முழுக்கப் போக முதல் ஊருக்குப் போயிட்டாள், தாய் சாகுமட்டும் வைச்சுப் பாத்தாள். அதெல்லாம் அவள் பிறகு போனில சொன்னது. பெறுபேறு வந்த அண்டைக்கு நடந்ததைத்தான் இன்னும் சொல்லேல்லை.

மிஸ் பார்க்கர் உறையை வெட்டினா, நான் பெயரைத் தேடினன். ஆஃப்ரிகான்ஸ், ஒரே ஒரு ஆள். பாஸ். சும்மா பாஸில்லை, நல்ல பாஸ். யன்னலடியில நிண்டவளைப் பாத்துக் கத்தினன், "பாஸ் பிள்ளை! நல்லாச் செய்திருக்கிறாய்!" எண்டு. பெறுபேற்றுத் துண்டை வாங்கிப் பாத்தாள். திருப்பிப் பாத்தாள், பின்பக்கத்தில ஏதும் இருக்குதோ எண்டு. வெறுந்தாள்.

"வேற ஒண்டும் வரேல்லையோ?"

"இல்லை, பிள்ளை."

மிஸ் பார்க்கரைப் பாத்துக் கேட்டாள். "வாசிச்சிருப்பினமோ? முழுக்க?"

மிஸ் பார்க்கருக்கு விசயம் தெரியும், நான் சொல்லியிருந்தன். பேனையைக் கீழ வைச்சா. "ஒவ்வொரு வரியையும் வாசிச்சிருப்பார். மார்க்ஸைச் சரிபாக்கிற ரெண்டாவது ஆளும் ஒருவேளை வாசிச்சிருப்பார். எழுதினது ஆர், ஏன் எண்டு பாக்கிறது அவையின்ர வேலையில்லை. பாஷை சரியோ எண்டு பாத்து மார்க்ஸ் போடுறதுதான் வேலை. அதை நேர்மையாச் செய்திருக்கினம்." அவ அதைக் கடுமையாச் சொல்லேல்லை. அவவுக்குத் தெரிஞ்ச மரியாதை அதுதான்.

நானும் அந்த நேர்மையைத்தானே இவ்வளவு காலம் கும்பிட்டுக்கொண்டிருந்தனான்! அழாதை எண்டு சொல்லுவம் எண்டா, அவள் அழேல்லை.

"படியில விழுந்தான் எண்ட வசனத்துக்கும் மார்க்ஸ் போட்டிருப்பார், என்ன?" எண்டு என்னைக் கேட்டாள். "பெயிலாக்கியிருந்தா, திருத்தினவருக்கு விளங்கேல்லை எண்டு நினைச்சிருப்பன், அண்ணா. இது நல்ல மார்க்ஸ். எல்லாம் விளங்கியிருக்கு."